அவர் எழுந்து வரும்வரை பழக்கிய குதிரை

என் வீட்டுக்காரர் விழுந்த பந்தயத்துக்கு நான் போயிருக்கவில்லை. அதற்கு முன்னால் எந்தப் பந்தயத்துக்குமே போனதில்லை. குதிரை வண்டிப் பந்தயம் எங்கள் பக்கத்தில் ஆம்பளைகள் சமாச்சாரம். முதல் நாள் சாயங்காலமே குதிரையையும் வண்டியையும் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கமோ தஞ்சாவூர்ப் பக்கமோ கிளம்பிவிடுவார்கள். கொள்ளு மூட்டை கட்டிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். ஜெயித்தால் மாலையும் சத்தமுமாக வருவார். தோற்றால் பேசாமல் வந்து படுத்துக்கொள்வார். எதுவானாலும் குதிரையைக் கழுவித் துடைத்துத் தண்ணி காட்டுவது நான்தான்.

அன்றைக்கு என் கொழுந்தனார்தான் போன் பண்ணினார். எல்லைக்கல்லைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் குதிரை மிரண்டு தாவிவிட்டது, சக்கரம் பக்கத்து வண்டியில் மாட்டிக்கொண்டது, அண்ணன் கீழே விழுந்துவிட்டார், பின்னால் வந்த வண்டி இடுப்பில் ஏறிவிட்டது என்று அழுதுகொண்டே சொன்னார். உயிர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெரியவில்லை.

திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். முதுகுத்தண்டு நசுங்கிவிட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வருவது கஷ்டம் என்று டாக்டர் என்னையும் கொழுந்தனாரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கஷ்டம் என்றுதான் சொன்னார், வராது என்று சொல்லவில்லை. நாங்கள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். அவரிடம் போய், கொஞ்ச நாள் ஆகுமாம் என்று சொன்னேன்.

எங்கள் ஊர் அரியலூருக்குக் கிழக்கே. சிமெண்ட் லாரிகள் போய்ப் போய் ரோட்டோர மரமெல்லாம் வெள்ளையாக இருக்கும். நான் பிறந்தது வேப்பந்தட்டைப் பக்கம், மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற வானம் பார்த்த பூமி. ஆடு மாடு தெரியுமே தவிர, வாக்கப்பட்டு வந்துதான் குதிரையைக் கிட்டத்தில் பார்த்தேன். அவர் செவலையை வாங்கி வந்தபோது எங்கள் மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த பெட்டைக்குதிரை. அவர் அதைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். தான் சாப்பிடுவதற்கு முன்னால் அது சாப்பிட்டதா என்று கேட்பார். ஆனால் வண்டியில் பூட்டிவிட்டால் சாட்டைதான். அடிக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இருக்காது. லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பது போல அவருக்கு அது. அவர் அப்பாவும் அப்படித்தான் ஓட்டினார், எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்ததும் அவர் முதலில் கேட்டது குதிரையைத்தான். செவலையின் முன்னங்காலில் தோல் உரிந்திருந்தது. வாய் இரண்டு ஓரமும் கடிவாளம் அறுத்துப் புண்ணாகியிருந்தது. அதைச் சொன்னேன்.

"விக்கச் சொல்லி யாராவது வருவானுங்க. வித்துடாத," என்றார். "நான் எந்திரிக்கிற வரைக்கும் அத நல்லா பாத்துக்க. கட்டியே போட்டா காலு கெட்டுப்போயிடும். தெனம் ஓட விடணும்."

சரிங்க என்றேன். அப்படித்தான் நான் குதிரை பழக்க ஆரம்பித்தேன். பந்தயத்துக்காக இல்லை. அவர் எழுந்து வரும்போது குதிரை ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும் என்பதற்காக.

எனக்கு வண்டி பூட்டத் தெரியாது. கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே செவலை தலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகும். புண்ணு வாயில் எப்படி இரும்பை வைப்பது? அதனால் பசுவுக்குக் கட்டுவது போல மூக்குக்கு மேலே சுற்றி ஒரு மெத்தென்ற கயிறு கட்டினேன். சொசைட்டிக்குப் பால் ஊற்ற நான் டிவிஎஸ் வண்டியில் போவேன். ஒரு நாள் கயிற்றை இடது கையில் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, செவலையையும் கூடவே கூட்டிப் போனேன். நான் மெதுவாகப் போனால் அது மெதுவாக வந்தது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் அதுவும் காலை எட்டிப் போட்டது. பால்கேன் சத்தத்துக்குக்கூட மிரளவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு கை கொள்ளு கொடுத்து கழுத்தைத் தடவிவிட்டேன். மறுநாள் நான் டிவிஎஸ்ஸை மிதித்து ஸ்டார்ட் பண்ணும்போதே அது கொட்டகையில் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றது.

எங்கள் பந்தயத்தில் குதிரை தாவிப் பாயக்கூடாது. மாற்றுக்கால் வைத்து நடை பிசகாமல் ஓட வேண்டும். தாவிவிட்டால் இழுத்துப் பிடித்து மறுபடியும் நடைக்குக் கொண்டுவந்துதான் ஓட்டணும், அதற்குள் மற்ற வண்டி முந்திவிடும். சாட்டை பட்டால் குதிரை வேகமாகவும் போகும், தாவவும் செய்யும். இதெல்லாம் பிறகு நான் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். டிவிஎஸ் கூட ஓடும்போது செவலை தாவவே இல்லை. வண்டி எவ்வளவு வேகம் போனாலும் அதன் கால் ஒரே தாளமாக விழுந்தது.

அடிபட்ட கால் வீங்கியிருந்ததால் ரோட்டில் ரொம்ப ஓட்டவும் பயம். ஊருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளம் ஒன்று இருக்கிறது. மழைத்தண்ணி தேங்கிப் பச்சையாகக் கிடக்கும். முன்னே லாரி இறங்கின சரிவுப்பாதை அப்படியே தண்ணிக்குள் போகும். அந்தப் பாதையில் செவலையை இறக்கி, நான் கரையில் நீளக் கயிற்றோடு நின்றுகொள்வேன். அது மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்தும். முதல் தடவை அது தண்ணிக்குள் காலை விட்டு, தரை இல்லை என்று தெரிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு பழகிவிட்டது. நீந்தி நீந்தி நெஞ்சு விரிந்தது, கால் வீக்கம் வற்றியது.

அவர் கட்டிலில் இருந்தபடியே எனக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். காலையில் வெறும் சாட்டையைக் காற்றில் சொடுக்கிக் காட்டு, சோம்பல் போயிடும் என்பார். சாட்டை சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார் போல. ஒரு நாள் கேட்டே விட்டார். இல்லைங்க, அது இல்லாமலே ஓடுது, கடிவாளமும் போடலை என்றேன். அவர் சிரித்தார். "பாலு ஊத்தப் போறவ பின்னாடி போறதெல்லாம் ஓட்டமா? நான் வந்து பாத்துக்கறேன்," என்றார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை.

தினமும் அவர் காலைப் பிடித்து மடக்கி நீட்டி எண்ணெய் தேய்த்துவிடுவேன். இன்னிக்கு கட்டைவிரல் அசைஞ்சுச்சு பாத்தியா என்பார். பார்த்தேன் என்பேன். மகள் பெரம்பலூரில் நர்சிங் படிக்கிறாள். சனிக்கிழமை பஸ்ஸில் வருவாள். அவள் ஒரு தடவை அடுப்படிக்கு வந்து, "அம்மா, அது அசையலம்மா. இனிமே அசையாது," என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொன்னேன். அவருக்கும் தெரியுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

கொழுந்தனார் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். ஒரு காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்போது ரோட்டில் எனக்குப் பின்னாலேயே வேனைக் கொண்டுவந்திருக்கிறார். நான் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், அண்ணி, எத்தனை நாளா இந்த வேகம் ஓடுது என்று கேட்டார். தினமும் இப்படித்தான் என்றேன். அவர் செவலையின் வயிற்றில் கைவைத்துப் பார்த்தார். மூச்சு வாங்கவே இல்லை. இதைப் பந்தயத்தில் விட வேண்டும், நானே ஓட்டுகிறேன் என்றார்.

உங்க அண்ணனிடம் கேளுங்க என்றேன். அவர் உள்ளே போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார், மழையைப் பற்றிப் பேசினார், டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த வாரமும் அப்படியே செய்தார். அவரால் கேட்க முடியாது என்று புரிந்துபோனது. நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

அவர் சாப்பிட்டு முடித்ததும் தட்டை வாங்கிக்கொண்டு சொன்னேன். ஏங்க, தம்பி செவலையைப் பந்தயத்துல ஓட்டலாமான்னு கேக்கறாருங்க என்று. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் எந்திரிக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்க," என்றார்.

அப்படி இல்லைங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் என் கையால் வாங்கிச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து கஞ்சி கொடுத்தார்கள். நான் குதிரையைக்கூட வெளியே ஓட்டிப் போகவில்லை. கொட்டகையில் கட்டிக் கிடந்தது. அதுவும் என்னைப் பார்த்தது, அவரும் பார்த்தார். பந்தயமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அப்போது அவரே பேசினார். என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார். "தம்பி எடது கைய ரொம்ப இறுக்கிப் புடிப்பான். திரும்பறப்போ லூசா விடச் சொல்லு."

அவ்வளவுதான். அதற்கு மேல் சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கொட்டகைக்குப் போய்ச் செவலையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். என் புருஷன் இனி எழுந்து வரமாட்டார் என்று அவரும் நானும் சேர்ந்து ஒத்துக்கொண்ட நாள் அது.

கொழுந்தனாரிடம் நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். சாட்டை கூடாது, இரும்புக் கடிவாளம் கூடாது. அவர் தயங்கினார், ஆனால் ஒத்துக்கொண்டார். முதல் பந்தயம் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில். நானும் கூடப் போனேன். கூட்டத்தில் என்னைத் தவிர பொம்பளை கிடையாது. கயிறு கட்டின குதிரையைப் பார்த்து, பால்காரம்மா மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். செவலை கடைசியாக வந்தது. வண்டிகளுக்குப் பின்னால் பைக்கில் கூட்டமாகக் கத்திக்கொண்டு, விசில் அடித்துக்கொண்டு வருவார்கள் அல்லவா, அந்தச் சத்தம் கேட்டதும் அது தாவ ஆரம்பித்துவிட்டது. அவர் விழுந்த நாளின் சத்தம் அதற்கு மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததோ என்று எனக்குத் தோன்றியது. இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு தினமும் செவலையை லாரி ரோட்டோரம் இருக்கிற டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அது உதறும். நான் டீயைக் குடித்துக்கொண்டு பேசாமல் நிற்பேன். உதறல் நின்றதும் ஒரு வாய் கொள்ளு கொடுப்பேன். நாளாக நாளாக ஹாரன் அடித்தால் அது திரும்பி என் கையைப் பார்க்க ஆரம்பித்தது. பிறகு கொழுந்தனாரின் கூட்டாளிகளைப் பைக்கில் வந்து பின்னால் கத்தச் சொன்னேன். முதலில் தூரத்தில், பிறகு கிட்டத்தில். ஊரில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கட்டிலில் கிடக்கிற புருஷனை விட்டுவிட்டுக் குதிரையோடு டீக்கடையில் நிற்கிறாள் என்று என் காதுபடவே சொன்னார்கள். அது மட்டும் உறுத்தியது.

இரண்டாவது பந்தயம் ஆண்டிமடத்துக்கு அந்தப் பக்கம், முந்திரித்தோப்புக்கு நடுவில் போகிற ரோட்டில். அன்றைக்கு மகள் வீட்டில் இருந்தாள். பந்தயத்தை யூடியூபில் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று செல்லை அப்பா முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றேன். வண்டிகள் திரும்பி வரும்போது முதலில் தூசிதான் தெரிந்தது. பிறகு நெற்றிப்பொட்டு. பைக்குகள் பின்னால் கத்திக்கொண்டு வந்தன. மற்ற வண்டிகளில் சாட்டை மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது. கொழுந்தனார் இரண்டு கையையும் தளர்த்தி வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். செவலை பால் ஊற்றப் போகிற ரோட்டில் ஓடுவது போல ஓடி வந்து கயிற்றைத் தாண்டியது. ஒரு தடவைகூடத் தாவவில்லை.

யார் யாரோ கை கொடுத்தார்கள். மாலையை வாங்கிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் அவரை எப்படிப் பார்ப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் விழித்துக்கொண்டிருந்தார். குதிரையை ஜன்னலுக்குக் கொண்டுவரச் சொன்னார். விழுந்ததிலிருந்து அதைக் கிட்டத்தில் பார்க்கவே இல்லை, கேட்கவும் இல்லை. கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினோம். செவலை கம்பி வழியாக மூக்கை நீட்டியது. அவர் கையைத் தூக்கினார். அது காதைப் பின்னால் மடித்து, தலையை இழுத்துக்கொண்டது. அவர் கை அப்படியே நின்றது. நான் வெளியே போய்க் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றேன். பிறகு அது மெதுவாகத் திரும்ப நீட்டியது. அவர் அதன் வாயோரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"வாயி ஆறிப்போச்சு," என்றார். விரலை எடுக்காமலே, "என்கிட்ட பயந்துகிட்டுத்தான் ஓடியிருக்கு இத்தன நாளும். நல்லா ஓடுதுன்னு நெனச்சேன்," என்றார்.

அப்படியெல்லாம் இல்லைங்க, உங்களைத் தேடுமுங்க என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஆபரேஷன் அன்றைக்குக்கூட அழாதவர்.

அதற்குப் பிறகு செவலை நிறைய ஜெயித்தது. வரதராஜன்பேட்டையிலிருந்தும் அதைத் தாண்டியும் மிரள்கிற குதிரை, தாவுகிற குதிரை, கடிக்கிற குதிரை என்று என்னிடம் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். பந்தயம் போகும் இடத்தில் பால்காரம்மா குதிரை என்றே பேர். இப்போது யாரும் சிரிப்பதில்லை. செல்போனைத் தூக்கிக்கொண்டு பேட்டி எடுக்க வருகிறார்கள். என்ன ரகசியம் என்று கேட்கிறார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை, அவசரப்படாமல் இருந்தால் போதும் என்பேன். அதைப் போட மாட்டார்கள். நான் டிவிஎஸ் ஓட்டுவதை மட்டும் போடுவார்கள்.

எனக்குப் பேர் வர வர அவர் குறைந்துகொண்டே போனார். எழுந்திரிக்கிற பேச்சை விட்டுவிட்டார். கட்டைவிரலைப் பார்க்கச் சொல்வதில்லை. காலை மடக்கி நீட்டினால், எதுக்கு அலையற, விடு என்பார். ஆனால் ஒன்று, கொட்டகையில் புதுக்குதிரை வந்து இறங்கினால் காது கொடுத்துக் கேட்பார். அதுக்குப் பின்னங்கால்ல வலி இருக்கு, ஊனி வைக்கல பாரு என்பார். பார்த்தால் லாடம் தளர்ந்திருக்கும். அந்தக் கொஞ்ச காலம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்தோம். கல்யாணம் ஆனதிலிருந்து அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கலாம் என்று தோன்றும்.

படுக்கைப்புண் வந்தது. மகள் சொல்லிக்கொடுத்தபடியெல்லாம் செய்தேன், திருப்பிப் போட்டேன், மருந்து வைத்தேன். பிறகு சிறுநீரில் கிருமி, அப்புறம் காய்ச்சல். ஐப்பசி மழையில் அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கடைசியாக நினைவாகப் பேசியபோது, கொட்டகை ஒழுகுதா என்று கேட்டார். இல்லைங்க, தார்ப்பாய் போட்டாச்சு என்றேன். சரி என்றார். மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து தை மாசம் ஒரு பந்தயம் வந்தது. போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். கொழுந்தனார்தான், அண்ணி, வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆவீர்கள் என்று கூட்டிப் போனார். அங்கே கமிட்டிக்காரர் ஒருத்தர் கொழுந்தனாரைத் தனியாகக் கூப்பிட்டு, பூசை போட்டு வண்டி கிளம்புகிற நேரம், அந்தம்மா எதிரில் வராமல் இருந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார். கொழுந்தனார் சொல்லத் தெரியாமல் நின்றார். எனக்கே புரிந்தது. நான் குட்டியானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். போன வருஷம் இதே கமிட்டி எனக்குச் சால்வை போட்டது.

செவலை வண்டி கிளம்புகிற கோட்டுக்குப் போகவில்லை. நாலு பேர் இழுத்தும் நகரவில்லை. ஒருத்தர் சாட்டையைக் கொண்டுவாங்க என்றார். அதைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. வெறும் கழுத்தும் வெறும் நெற்றியுமாக எல்லா வண்டிக்கும் முன்னால் நடந்து போய், கயிற்றைப் பிடித்துச் செவலையைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். கமிட்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி நடந்து வந்தேன்.

அன்றைக்கு இரண்டாவதாக வந்தது. திரும்புகிற இடத்தில் கொழுந்தனார் இடது கையை இறுக்கிவிட்டார். அவர் மனசும் அன்றைக்குச் சரியில்லை.

வரும் வழியில் மகள் போன் பண்ணினாள். என்னம்மா ஆச்சு என்றாள். ரெண்டாவது என்றேன். "அப்பா இருந்தா சித்தப்பாவத் திட்டித் தீத்திருப்பாருல்லம்மா," என்றாள்.

"ஆமா. ஒரு வாரத்துக்குத் திட்டுவாரு," என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள், நானும் சிரித்தேன். பிறகு அவள் அழுவது கேட்டது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கொழுந்தனார் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டோரம் நிறுத்தினார். பின்னால் குதிரை காலை மாற்றி வைத்து நின்றது. நான் செல்லைக் காதில் வைத்தபடியே, சாப்பிட்டியாம்மா, சாப்பிடு, சனிக்கிழமை வந்துடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.